முப்பத்தேழாவது மாணவர்

சுற்றறிக்கை வந்த அன்று மூன்றாம் வகுப்பில் ஒரு பூனை மீனாகிவிட்டது. முப்பத்தேழு பிள்ளைகளும் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, இங்கே பாடம் எதுவும் நடக்கவில்லை என்று தீர்மானித்துத் தலையை இழுத்துக்கொண்டார்.

நடந்தது பாடம்தான். ஆங்கிலத்தில் லிங்கிங் வெர்ப், தமிழில் சொன்னால் இணைப்பு வினை, என்று ஒரு சாதுவான சொல்வகை உண்டு. அது ஓடாது, குதிக்காது, ஒரு துரும்பையும் அசைக்காது. 'தி சூப் இஸ் ஹாட்' என்றால், சூப்புக்கும் சூட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொள்கிறதே அந்த 'இஸ்', அதுதான். டீச்சர் இதை ஆறு வருடமாக ஒரே விதமாகத்தான் சொல்லித்தந்தார். சூப் என்று அட்டை பிடித்த பிள்ளை இந்தப் பக்கம், ஹாட் என்று அட்டை பிடித்த பிள்ளை அந்தப் பக்கம், நடுவில் அட்டையே இல்லாமல் ஒரு பிள்ளை. நடுப்பிள்ளை இருவர் கையையும் பிடித்தால் வாக்கியம். விட்டுவிட்டால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாத இரண்டு பேர்.

இது புரிந்த பிறகு கொஞ்சம் சிக்கலுக்குப் போவார். 'ஸ்மெல்ஸ்' போன்ற சொற்கள் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் சும்மா கைபிடித்து நிற்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்க்க வேண்டும். 'தி ஃபிஷ் ஸ்மெல்ஸ் பேட்' என்றால் மீன் நாறுகிறது. 'இஸ்' போட்டாலும் மீன் மோசம்தான், அர்த்தம் கெடவில்லை. 'தி கேட் ஸ்மெல்ஸ் தி ஃபிஷ்' என்றால் பூனை மீனை மோந்து பார்க்கிறது. இங்கே 'இஸ்' போட்டால்?

"பூனை மீன் ஆயிடுச்சு டீச்சர்!"

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு தடவை பூனை மீனாகிவிட்டால் அது ஆயுசுக்கும் மறக்காது.

அன்று நடுவில் நின்றவளை வகுப்பில் குருவி என்று கூப்பிடுவார்கள். ஆளும் சின்னது, பேச்சும் சின்னது. முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். அம்மா தையல் ஆலையில் ஷிஃப்ட் வேலை, அப்பா கிடையாது. வருடத் தொடக்கத்தில் வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்கிய பிள்ளை. டீச்சர் அவளைத் தினமும் நடுவில் நிறுத்தினார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு குட்டிச் சொல்தானே. 'இஸ்' என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் வலப்பக்கச் சொல்லையும் சேர்த்தாள், இன்னொரு நாள் இடப்பக்கத்தையும். முதன்முதலாக முழு வாக்கியம் சொன்ன அன்று டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ அழித்தார். பலகையில் அழிக்க ஒன்றுமே இல்லை.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒன்று அதிகாரிகள் கண்ணில் படாமல் எத்தனை நாள் தப்பும்?

மொழி மேம்பாட்டு இயக்ககம் என்று ஒன்று இருந்தது. நாலு மாடிக் கட்டடம், இருநூறு நாற்காலி. அது தோன்றிய பிறகு எந்த மொழி மேம்பட்டது என்று கேட்டால் அதற்கெனத் தனிப் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது என்பார்கள். அந்த இயக்ககம் நடப்பு ஆண்டை 'இணைப்பு வினை எழுச்சி ஆண்டு' என்று அறிவித்திருந்தது. சுற்றறிக்கை பதினோரு பக்கம். அதில் இணைப்பு வினை என்றால் என்ன என்பதைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. தினமும் காலையில் பிள்ளைகள் வலது கையை நீட்டி, 'நான் இணைவேன், பிறரை இணைப்பேன், இணைப்பு வினையின் மாண்பைக் காப்பேன்' என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுத்ததைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பியதை அனுப்பினேன் என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும்.

மறுநாள் உறுதிமொழி முடிந்ததும் முதல் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்: "மாண்பு எங்க இருக்கு டீச்சர்? காப்பாத்தணும்னா எங்க இருக்குன்னு தெரியணும்ல?"

டீச்சர் பதினோரு பக்கத்தையும் புரட்டித் தேடினார்.

பிறகு மூன்று நாள் பயிற்சி முகாம். முதல் நாள் ரிப்பன் வெட்டி, பூங்கொத்து கொடுத்து, கொடுத்தவருக்கு நன்றி சொல்லி, நன்றி சொன்னவருக்குப் பாராட்டுத் தெரிவித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இரண்டாம் நாள் வட்டாரக் கண்காணிப்பாளர் பேசினார். ஐம்பத்தாறு வயது, கட்டையான உருவம், சட்டைப் பையில் பெயர்ப் பட்டை, அதன் பக்கத்தில் மூன்று நிறப் பேனாக்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். செருமலில் இருக்கும் அழுத்தம் வாக்கியத்தில் இருக்காது.

"இணைப்பு வினைன்னா என்ன?" என்று மேடையில் இருந்து கேட்டார். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிக்கணும். அதுதான் நவீன முறை. சிலர் என்னைக் கேக்கறாங்க, ஐயா, நீங்க வகுப்பறைக்குள்ள போறதே இல்லையேன்னு. உண்மைதான். முப்பத்தோரு வருஷமா நான் வகுப்பறைக்குள்ள கால் வைக்கல. அதனாலதான் கல்வியை என்னால முழுசாப் பார்க்க முடியுது. உள்ள போயிட்டா பிள்ளைங்க மறைக்கும்."

கைதட்டல் எழுந்தது. டீச்சர் அப்பாவியாகக் கையைத் தூக்கினார். "சார், ஸ்மெல்ஸ் மாதிரி ரெண்டு விதமாவும் வர்ற சொல்லை எந்த வகுப்புல ஆரம்பிக்கலாம்?"

கண்காணிப்பாளர் பக்கத்தில் இருந்த எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் ஒட்டடைக்குச்சி உயரம். கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும். அவர் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "கேள்விகளுக்கு நாலாம் நாள் ஒதுக்கியிருக்கு டீச்சர்."

"முகாம் மூணு நாள்தானே சார்?"

"ஆமா. அதுக்குள்ள சந்தேகம் எல்லாம் தீர்ந்துடும்."

முகாம் முடிந்த வாரம் 'இணைப்புப் பெட்டி' வந்தது. நீல நிறப் பெட்டிக்குள் மூன்று மீட்டர் இரும்புச் சங்கிலி, ஒரு பூட்டு, அறுபத்து நாலு பக்க வழிகாட்டி நூல். வழிகாட்டியின்படி, எழுவாய் மாணவர் (அதாவது சூப்) ஒருவர், நிரப்பு மாணவர் (அதாவது ஹாட்) ஒருவர், இருவர் இடுப்பையும் சங்கிலியால் இணைத்துப் பூட்ட வேண்டும். 'இணைப்பு என்பது உறுதியானது என்ற உணர்வு மாணவர் மனத்தில் பதியும்.' டீச்சர் பெட்டியை மூடி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். தலைமையாசிரியர் விடவில்லை. அவருக்குப் பயந்த சுபாவம். இயக்ககத்தில் இருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"போட்டோ மட்டும் எடுத்துடலாம் டீச்சர். அஞ்சு நிமிஷம். பூட்டி, எடுத்து, தொறந்துடலாம்."

பூட்டினார்கள், எடுத்தார்கள். திறப்பதற்குப் பெட்டியில் சாவி இல்லை. இயக்ககத்துக்குத் தொலைபேசியில் கேட்டால், சாவிக்குப் படிவம் ஏழு நிரப்ப வேண்டும் என்றார்கள். படிவம் ஏழில் சாவியின் எண்ணை எழுத வேண்டும். சாவியின் எண் சாவியில்தான் பொறித்திருக்கும். இதற்குள் சங்கிலியில் இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டி வந்துவிட்டது.

டீச்சரின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் வேலையில் இருந்தார். கம்பி வெட்டும் கத்தரியோடு ஓடி வந்து, ஒரே அழுத்தில் பிள்ளைகளை விடுவித்தார். போகும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "எங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா உள்ள ஒரு மணி பட்டனாவது இருக்கும்" என்றார்.

நாலாம் நாள் குறிப்பாணை வந்தது. 'மாணவர்களுக்குச் சேதம் ஏற்படாத வகையில் சங்கிலிக்குச் சேதம் விளைவித்தது ஏன் என மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' டீச்சர் அதை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அதில் அதேதான் இருந்தது.

இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றால், போக முடியாத காரணம் ஒன்று இருந்தது. டீச்சர் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வேலை போகும். பள்ளி திறக்கும்போது அதே வேலைக்குப் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும், அதில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் இதே வேலையை எழுதினால் நம்பவும் மாட்டார்கள். இந்த ஆண்டுதான் நிரந்தரம் செய்யும் கோப்பு நகர்ந்திருந்தது. அது நகர்ந்து போய் நின்ற இடம் கண்காணிப்பாளர் மேசை.

"மாதிரி வகுப்பு ஒண்ணு பார்ப்பாராம்" என்றார் தலைமையாசிரியர். "இணைப்பு வினை. அவர் திருப்தின்னு ஒரு வார்த்தை எழுதிட்டா போதும், நீங்க நிரந்தரம். தயவுசெஞ்சு அந்தப் பூனை, மீன் எல்லாம் வேண்டாம் டீச்சர்."

அன்று மாலை டீச்சர் கணவரிடம் சொன்னபோது அவர் தட்டில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். "நீ நல்லாத்தானே சொல்லித்தர்ற? அப்புறம் எதுக்குப் பயம்?"

"நல்லாச் சொல்லித்தர்றதுதாங்க பயமா இருக்கு" என்றார் டீச்சர்.

குறித்த நாளில் காலை பத்தே காலுக்குக் கண்காணிப்பாளரும் எழுத்தரும் வந்து இறங்கினார்கள். கண்காணிப்பாளர் முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து, வாசலிலேயே நின்று, "இவ்வளவு பேரா?" என்றார். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். எழுத்தர் விரலை நீட்டி எண்ணினார். முகம் மாறிவிட்டது.

"முப்பத்தாறுதான் இருக்கு. முப்பத்தேழு இருக்கணுமே?"

"ஒரு பையனுக்கு அம்மை போட்டிருக்கு சார். பத்து நாளா லீவு" என்றார் டீச்சர்.

"அது எப்படி? அறிக்கையில முப்பத்தேழு பேரும் வந்திருந்தாங்கன்னு இருக்கே."

"எந்த அறிக்கை?"

"இந்த ஆய்வு அறிக்கைதான் டீச்சர். மேல போய்ப் பதினெட்டு நாள் ஆச்சு." எழுத்தர் கோப்பைத் திறந்து காட்டினார். இன்றைய தேதி, இந்த வகுப்பு, வருகை முப்பத்தேழு, இணைப்பு வினையை முழுதும் கற்றவர் முப்பத்தாறு, கற்காதவர் ஒருவர், ஒட்டுமொத்தக் கருத்து திருப்தி. கீழே கண்காணிப்பாளர் கையெழுத்து.

டீச்சர் தேதியை இன்னொரு தடவை பார்த்தார். "இன்னிக்குத்தானே ஆய்வு? பதினெட்டு நாளைக்கு முன்னாடியே எப்படி சார்?"

எழுத்தர் பொறுமையான மனிதர். "ஆய்வு முடிஞ்சு அறிக்கை எழுதினா காலதாமதம் ஆகும். எங்க வட்டாரத்துல காலதாமதமே கிடையாது. பரிசுகூட வாங்கியிருக்கோம். இப்ப வந்திருக்கறது சரிபார்க்க."

"அறிக்கை சரியான்னு பாக்கவா?"

"சேச்சே, அறிக்கை சரியாத்தான் இருக்கு. வகுப்பு சரியா இருக்கான்னு பாக்கணும்."

கண்காணிப்பாளர் செருமினார். "முப்பத்தேழு தலையோட ஒரு போட்டோ வேணும். பின்னாடி இருந்து எடுத்தாப் போதும்."

தலைமையாசிரியர் இரண்டாம் வகுப்பில் இருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டார். அது மோசடி என்று கண்காணிப்பாளர் கோபித்துக்கொண்டார்; இரண்டாம் வகுப்புக்கும் தனியாக ஓர் அறிக்கை போயிருக்கிறது, அங்கே ஒன்று குறையும். எழுத்தர் உட்கார்ந்தால் தலை ஜன்னல் உயரத்துக்குப் போகும். தலைமையாசிரியருக்கு மூட்டுவலி, பெஞ்சுக்குள் நுழைய முடியாது. கடைசியில் எல்லார் பார்வையும் ஒரே இடத்தில் போய் நின்றது. கண்காணிப்பாளர் கட்டையான ஆள் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

"இயக்ககத்துக்காக நான் எதையும் செய்வேன்" என்று அவர் கம்பீரமாகச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில், அம்மை போட்ட பையனின் இடத்தில், வயிற்றை உள்ளிழுத்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பிள்ளை மரியாதையாக நகர்ந்து இடம் விட்டது. எழுத்தர் பின்னால் நின்று படம் எடுத்தார். முப்பத்தேழு தலை.

"வருகை சரியாயிடுச்சு" என்று எழுத்தர் ஒரு டிக் போட்டார். "அடுத்தது, கற்காதவர் ஒருவர். அது யாரு டீச்சர்?"

"அப்படி யாரும் இல்ல சார். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்னா மேல நம்ப மாட்டாங்க டீச்சர். போன வருஷம் ஒரு பள்ளியில முழுசும் கத்துக்கிட்டாங்கன்னு எழுதி, விசாரணையே வந்துடுச்சு. அதுலேர்ந்து வகுப்புக்கு ஒண்ணை விட்டு எழுதறது எங்க வழக்கம். படிவம் இருக்கு, அந்தப் பிள்ளையோட போட்டோ ஒட்டி, பேர் எழுதிக் கொடுத்தாப் போதும். ஊருக்கு வெளிய சிறப்புக் கவன மையம் இருக்கு. தேறற வரைக்கும் அங்க வச்சுக்குவாங்க."

தலைமையாசிரியர் தயங்காமல் விரலை நீட்டினார். அந்த விரல் குருவியிடம் போய் நின்றது.

"அந்தப் பொண்ணு சார். திக்கும். அம்மா ஷிஃப்ட் வேலை, வந்து ஏன்னு கேக்க மாட்டாங்க." பிறகு டீச்சர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "ஒரு பேருதான் டீச்சர். ஆறு வருஷம் காத்திருக்கீங்க. கெடுத்துக்காதீங்க."

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அரை நொடி, வெறும் அரை நொடி, அந்தக் கோப்பு நகர்ந்து தன் கைக்கு வருவதை அவர் நினைத்துப் பார்த்துவிட்டார். குருவி நிமிர்ந்து டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அது எப்போதும் தெரியும்.

"பரிட்சை வைக்காம எப்படி சார் எழுதறது?" என்றார் டீச்சர். "வரிசையாக் கேக்கறேன். யாருக்குத் தெரியலையோ அவங்க பேரை நானே எழுதித் தர்றேன்."

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. "கேளுங்க" என்றார்.

டீச்சர் முதல் பெஞ்சில் இருந்து தொடங்கினார். பூனையும் மீனும் வந்தன, சூப் வந்தது, பழைய செருப்பும் நாறிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளை தடுமாறவில்லை. ஒவ்வொரு சரியான விடைக்கும் எழுத்தர் முகம் தொங்கியது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்தோராவது ஆள் குருவி.

"தி மில்க் ஸ்மெல்ஸ் சவர். இதுல ஸ்மெல்ஸ் வேலை செய்யுதா, கை பிடிக்குதா?"

குருவி எழுந்தாள். வாய் திறந்தது, எழுத்து வரவில்லை. எழுத்தர் படிவத்தின் மூடியைக் கழற்றி, பேனாவை... இல்லை, பேனாவின் மூடியைக் கழற்றி, படிவத்தின் மேல் வைத்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு ஆவல். டீச்சர் இரண்டு கையையும் இரண்டு பக்கமும் நீட்டி, நடுப்பிள்ளை நிற்பதைப் போல நின்றார்.

"கை... கை பிடிக்குது டீச்சர். ஏ... ஏன்னா, தி மில்க் இஸ் சவர். பா... பால் புளிச்சிருக்கு. அ... அர்த்தம் கெடல."

"உக்காரு கண்ணு" என்றார் டீச்சர். "சரியான விடை."

"தாமதமாச் சொன்னாளே?" என்றார் எழுத்தர்.

"உங்க அறிக்கையில தாமதத்துக்குக் கட்டம் இருக்கா சார்?"

இல்லை. டீச்சர் அடுத்த பிள்ளைக்குப் போனார். முப்பத்தாறும் முடிந்தது, முப்பத்தாறு பேருக்கும் தெரிந்திருந்தது. எழுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் கடைசி பெஞ்சின் ஓரத்துக்கு வந்து நின்றார்.

"முப்பத்தேழு."

கண்காணிப்பாளர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"வருகையில டிக் போட்டாச்சு சார். இடத்துல இருக்கறவங்களைக் கேக்கணும். தி கேட் ஸ்மெல்ஸ் தி ஃபிஷ். ஸ்மெல்ஸை எடுத்துட்டு இஸ் போட்டா என்ன ஆகும்?"

கண்காணிப்பாளர் செருமினார். "தி கேட் இஸ் தி ஃபிஷ்."

"அப்படின்னா பூனை என்ன ஆச்சு?"

"மீன் ஆச்சு."

"ஆகுமா சார்?"

"ஏன் ஆகாது?" என்று கண்காணிப்பாளர் கொஞ்சம் சூடாகவே கேட்டார். "மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்தா ஆகித்தான் தீரணும். நானே எத்தனையோ பூனையை மீன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேன்."

வகுப்பு வெடித்தது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள், குருவியும்தான். எழுத்தர் பழக்க தோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார். வாய் பாதி திறந்த நிலையில் கண்காணிப்பாளர் அதில் நன்றாக விழுந்திருந்தார்.

டீச்சர் தன் மேசைக்குப் போய்ப் படிவத்தை நிரப்பினார். கற்காதவர் பெயர் என்ற இடத்தில், கண்காணிப்பாளர் சட்டைப் பையில் இருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதினார். இருக்கை எண் முப்பத்தேழு. வயது ஐம்பத்தாறு. அளித்த விடை: பூனை மீன் ஆகும். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் 'வரவில்லை' என்று எழுதினார். எழுத்தர் தலைகீழாகப் பார்த்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, அது போதும். கையில் வைத்திருந்த குட்டி அச்சு இயந்திரத்தில் கடைசியாக எடுத்த படத்தை அச்சடித்து ஒட்டி, கண்காணிப்பாளர் முன் நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றார் டீச்சர். அதைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

கண்காணிப்பாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா, கீழ இருக்கறவங்களை நம்பலைன்னு ஆயிடும். நான் இதுவரைக்கும் ஒரு காகிதத்தைக்கூடப் படிச்சதில்லம்மா." பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டு மணி அடித்தது.

மூன்றாம் வாரம் ஆணை வந்தது. முப்பத்தேழாம் இருக்கை மாணவர் தேறும் வரை சிறப்புக் கவனத்தில் வைக்கப்பட வேண்டும். கண்காணிப்பாளர் இயக்ககத்துக்கு ஓடினார். இயக்குநர் கோப்பைத் திறக்காமலே கேட்டாராம்: "இது உங்க கையெழுத்துதானே? அறிக்கை தப்புன்னா உங்களோட முப்பத்தோரு வருஷ அறிக்கையையும் தோண்டணும். அறிக்கை சரின்னா நீங்க பெஞ்சுக்குப் போகணும். ரெண்டுல எது சொல்லுங்க." கண்காணிப்பாளர் பெஞ்சைத் தேர்ந்தெடுத்தார். மையத்துக்கே போகிறேன், அங்கே தெரிந்தவர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, மையம் என்று ஒன்று கட்டவே இல்லை. அது கட்டி முடிந்ததாக அறிக்கை போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அதில் கண்காணிப்பாளர் கையெழுத்தும் இருந்தது. ஆகவே மாணவர் அதே வகுப்பில், அதே இருக்கையில், அதே ஆசிரியையிடம் தொடர வேண்டும்.

டீச்சருக்கும் அதே உறையில் ஓர் ஆணை இருந்தது. அவருடைய பணி திருப்திகரம், நிரந்தரம் செய்யலாம். மீதமுள்ள ஒரு மாணவர் தேறிய நாள் முதல்.

கணவர் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தேறிடுவாரா?" என்று கேட்டார்.

"பாக்கலாம்" என்றார் டீச்சர்.

அம்மை ஆறிப் பையன் திரும்பி வந்ததும் கடைசி பெஞ்சில் இன்னொரு இடம் போட்டார்கள். கண்காணிப்பாளர் தினமும் பத்து மணிக்கு வருவார், உறுதிமொழிக்குக் கையை நீட்டுவார், உட்காருவார். பிள்ளைகள் அவரிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள். குருவி தன் இடைவேளையில் சூப் அட்டையையும் ஹாட் அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து அவருக்குச் சொல்லித்தருவாள். நடுவில் நின்று கை பிடியுங்கள் என்றால், யார் சார்பில் பிடிக்க வேண்டும், எழுத்துபூர்வமான அனுமதி உண்டா என்று கேட்பார். நாற்பது நாள் ஆயிற்று. பூனை இன்னும் மீனாகத்தான் இருந்தது.

நாற்பத்தோராம் நாள், பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, அவர் டீச்சர் மேசைக்கு வந்து நின்றார். மூன்று பேனாக்களில் ஒன்றுதான் பையில் மிச்சம் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரே ஒரு டிக் டீச்சர். தேறிட்டார்னு போட்டுடுங்க. எனக்கும் விடுதலை, நீங்களும் நாளைக்கே நிரந்தரம். யாருக்கு நஷ்டம்? மேல யாரும் படிக்கப் போறதில்ல."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த டிக்குக்குக் கை பறந்தது என்பதை மறைப்பானேன்? ஏழாவது விண்ணப்பம் எழுதுகிற தெம்பு அவரிடம் இல்லை. ஆனால் இதே அறையில் நீண்ட ஒரு விரலும், அது போய் நின்ற இடமும் கண் முன்னால் வந்தன. அன்று தெரிந்த பிள்ளையைத் தெரியாது என்று எழுதச் சொன்ன அதே கூட்டம், இன்று தெரியாத ஆளைத் தெரியும் என்று எழுதச் சொல்கிறது.

"உங்க இடத்துக்குப் போங்க சார்."

அவர் போய் உட்கார்ந்தார்.

"முப்பத்தேழு, எழுந்திருங்க. பூனை மீனை மோந்து பாக்குது. நடுவுல இஸ் போட்டா என்ன ஆகும்? ஆகுமா, ஆகாதா? யோசிச்சு நீங்களே சொல்லுங்க."

கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். செருமினார். எழுத்தர் இருக்கிறாரா என்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். அங்கே குருவி யாரிடமோ எதையோ நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

"உக்காருங்க."

டீச்சர் பதிவேட்டை இழுத்து, அன்றைய தேதிக்கு நேராக 'கற்கவில்லை' என்று எழுதினார். எழுதியதை ஒரு தடவை முழுதாகப் படித்துப் பார்த்தார். பிறகு கீழே தற்காலிக ஆசிரியை என்று போட்டுக் கையெழுத்திட்டார்.